மெழுகு ஊறிய தரை

பிப்ரவரி 7, சனி

இன்றும் மெழுகு. விடிந்ததும் விடியாததுமாக வீட்டு வேலை பார்க்கும் மணியம்மா டப்பாவைத் திறந்துவிட்டாள். குன்னூர்க் குளிரில் ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது. வீடு முழுக்க டர்பன்டைன் வாடை. ஹாலில் இருக்கும் தேக்குப் பலகைகளில் மெழுகைத் தடவி, உலரவிட்டு, கம்பளித் துணியால் மறுபடி தேய்த்து முடிக்க மதியம் ஆகிவிடுகிறது. அதுவரை நான் சமையலறையில் கைதி.

"மாசத்துக்கு ஒரு தடவ போட்டா போதாதா மணியம்மா?" என்று கேட்டேன்.

"பழைய அம்மா இருந்தப்ப சனிக்கெழம சனிக்கெழம போடுவோமுங்க. இல்லீன்னா அவங்களுக்கு மனசே ஆறாது."

பழைய அம்மா என்று ஒருத்தி இருந்தால் நான் புது அம்மா. அக்டோபரில் கல்யாணமாகி வந்தேன். எனக்கு நாற்பத்தைந்து வயது, முதல் கல்யாணம். இவருக்கு ஐம்பத்தாறு, இரண்டாவது. முதல் மனைவி லில்லியன் இறந்து மூன்று வருடமாகிறது. வீட்டில் திரைச்சீலை அவள் தைத்தது. தோட்டத்தில் ஹைட்ரேஞ்சியா அவள் நட்டது. தரை அவள் தேய்த்தது.

எழுதி வைத்துக்கொள்கிறேன்: எனக்கு அந்தப் பெண்மீது எந்த வருத்தமும் இல்லை. பார்த்தது கூடக் கிடையாது. மெழுகு வாடைதான் ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

பெர்சிஸ் பெங்களூரிலிருந்து பேசினாள். இவருடைய மகள். அவள் கட்டிக்கொள்ளப்போகிற ஆல்வினின் வீட்டாரோடு பேசி, ஈஸ்டர் கழிந்து ஏப்ரல் பதினெட்டாம் தேதி நிச்சயதார்த்தம் என்று முடிவாகியிருக்கிறது.

"ஹோட்டல்லாம் வேண்டாம்ப்பா. நம்ம வீட்டு ஹால்லயே வச்சுக்கலாம். அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். "அவங்க" என்பது நான். சித்தி, ஆன்ட்டி, பெயர், எதுவும் இல்லை. பரவாயில்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் புதிதாக ஒரு உறவுச் சொல்லைப் பழக்கவா முடியும்?

போனை வைத்ததும் தரையைப் பற்றிப் பேச்செடுத்தேன். கிறிஸ்துமஸுக்குக் கேரல் பாட வந்தவர்களின் ஈரச் செருப்பு பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போய் இன்னும் மறையவில்லை. மெழுகுக்குத் தண்ணீர் ஆகாது. அறுபது பேர் ஹை ஹீல்ஸும் ஷூவுமாக நடந்தால் என்ன ஆகும்? பழைய மெழுகை எடுத்துவிட்டு, காலத்துக்கும் நிற்கிற மாதிரி ஒரு பூச்சு கொடுத்துவிடலாம் என்றேன்.

"உனக்கு எது சரின்னு படுதோ பண்ணு சுகிர்தா" என்று சொல்லிவிட்டு இவர் பேப்பரை மடித்தார்.

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் ஒருத்தி முழங்காலில் நின்று தேய்த்த தரை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால்தான் என்ன? பேச வேண்டிய அவசியம் இல்லாத ஆளிடம்தான் மனிதர்கள் இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறார்கள். ஆஸ்பத்திரி நர்ஸிடம் சம்மதிப்பதைப் போல.

பிப்ரவரி 20, வெள்ளி

மேட்டுப்பாளையத்திலிருந்து அப்பாஸ் வந்தார். மரத்தரை வேலை எடுத்துச் செய்கிறவர். பேச்சு அதிகம். கையோடு மூன்று தேக்குப் பலகைத் துண்டுகள், மூன்றிலும் வேறு வேறு பூச்சு.

"இது சால்வென்ட் பி.யூ. மேடம். வாடை ஒரு வாரம் இருக்கும், ஆனா கல்லு மாதிரி. கோயமுத்தூர்ல ஒரு ஷட்டில் கோர்ட்டுக்கு அடிச்சுக் குடுத்தேன். தெனமும் குதிக்கிறானுங்க, ஒரு கீறல் கெடையாது. இது தண்ணில கரைக்கிற பி.யூ. வாடை வராது, மஞ்சளாவாது, வெல கொஞ்சம் கூட. இது மெழுகு கலந்த எண்ணெய். மரத்துக்குள்ள எறங்கிடும். மேல படலம் கெடையாது."

"மெலமைன்?"

"அது கட்டில் பீரோவுக்குங்க. தரைக்கு அடிச்சா மரம் விரியறப்ப சில்லு சில்லா விட்டுரும்."

படலமா, ஊறலா என்பதுதான் கேள்வி. பி.யூ. என்கிற பாலியூரித்தேனால் மேலே கண்ணாடி மாதிரி ஒரு தோலைப் போர்த்தலாம், அல்லது மரத்துக்கே எண்ணெய் கொடுக்கலாம். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் வேதியியல் நடத்தியவள் நான். இந்த வீட்டுக்கு வந்தபின் எனக்குத் தெரிந்த விஷயத்தை ஒருவர் என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் மூன்று துண்டுகளையும் சமையலறை மேடையில் பரப்பிச் சோதித்தேன். கொதிக்கிற பால் பாத்திரம், எலுமிச்சைச் சாறு, மீன்குழம்பு, சாவிக்கொத்து, இவருடைய டீ ஃபேக்டரி பூட்ஸ். நாள் முழுக்க அதே வேலை. வெகு நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன் என்றே சொல்லலாம்.

இரண்டு பி.யூ.வும் எதற்கும் அசையவில்லை. எண்ணெய்ப் பலகை மட்டும் சாவிக்குக் கீறியது. ஆனால் துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்த்ததும் கீறல் போன இடம் தெரியவில்லை. அதுவும் நல்ல குணம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது இவர் தண்ணீர் குடிக்க வந்தார். எண்ணெய்ப் பலகையைக் கையில் எடுத்து முகர்ந்தார். கீழே வைக்கவில்லை. மறுபடி முகர்ந்தார்.

"இது நல்லா இருக்கே" என்றார்.

மெழுகு கலந்த எண்ணெய். எந்தச் சனிக்கிழமையின் வாடை அவர் மூக்குக்குப் போனது என்று எனக்குத் தெரியாதா?

எண்ணெய் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். காரணம் பராமரிப்பு. வருடா வருடம் மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

பிப்ரவரி 28, சனி

தண்ணீர் பி.யூ., மூன்று பூச்சு, பளபளப்பு. அப்பாஸிடம் சொல்லியாகிவிட்டது. பளபளப்பில்லாத மேட் நன்றாக இருக்கும், கீறல் தெரியாது என்றார். எனக்குப் பளபளப்புதான் வேண்டும்.

சாப்பிடும்போது இவர், "ஒரே ஒரு விஷயம்" என்றார். ரசத்தை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"சொல்லுங்க."

"அந்த மேற்கு ஜன்னல் மூலை இருக்கில்ல, தையல் மெஷின் இருக்கிற எடம். அத மட்டும் தேய்க்காம விட்டுடச் சொல்லேன். ரெண்டு மூணு பலகைதான். மெஷின் மறைச்சுக்கும், யாருக்கும் தெரியாது."

அந்த மூலையில் லில்லியனின் கால் மிஷின் நிற்கிறது. உட்கார்ந்து தைக்கிற நாற்காலியை முன்னும் பின்னும் இழுத்து இழுத்துத் தரையில் அரைவட்டமாக ஒரு தடம் விழுந்திருக்கிறது. இவர் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் டீயை எடுத்துக்கொண்டு அந்த ஜன்னலுக்குத்தான் போவார். வெளியே பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். வெளியே தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றுமில்லை.

"சரி" என்றேன். 

மார்ச் 9, திங்கள்

சாமான்களை நகர்த்தும் வேலை. சோஃபா, பியானோ, புத்தக அலமாரி எல்லாம் பின்னறைக்குப் போய்விட்டன. தையல் மிஷினைத் தோட்டத்துக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். இரண்டு பேர் தூக்கியும் மூச்சு வாங்கியது.

மிஷின் டிராயரில் தைக்கும்போது போடும் விரலுறை ஒன்று இருந்தது. போட்டுப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்தது. விரலில் கூட என்னைவிடப் பெரிய ஆள்.

இவர் நாளைக்குக் கொச்சிக்கு, டீ ஏலத்துக்குப் போகிறார். வியாழக்கிழமை திரும்புவார்.

மார்ச் 11, புதன்

தரை தேய்க்கும் சாண்டிங் மிஷின் காலையிலிருந்து உறுமுகிறது. துணியைக் கட்டி அடைத்தும் அரிசி டப்பா வரை மரத்தூள். பழுப்பேறிக் கிடந்த பலகை, மேல்தோல் போனதும் புதுத் தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுத்துக்கொண்டு வருகிறது. பார்க்கவே நன்றாக இருந்தது.

உப்புத்தாளில் மெழுகு அப்பி அடைத்துக்கொள்கிறது என்று அப்பாஸ் முணுமுணுத்தார். டர்பன்டைன் போட்டுத் துடைத்து ஒரு நாள் விட்டு மறுபடி ஓட்டலாமா என்றார். அதெல்லாம் வீண் தாமதம் என்று நினைக்கிறேன்.

மேற்கு ஜன்னல் மூலையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்கள். சொன்னதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை போலிருக்கிறது. வேலையாட்களிடம் ஒன்று சொன்னால் ஒன்று செய்வார்கள். நான் சமையலறையில் இருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

மாலையில் வந்தார். பெட்டியைக் கீழே வைக்காமல் நேராக ஜன்னலுக்குப் போனார். கொஞ்ச நேரம் நின்றார்.

"அவங்க சரியாப் புரிஞ்சுக்கலைங்க. நான் கவனிக்கல" என்றேன்.

"சரி" என்றார். குனிந்து அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்திருக்கும். நல்ல வேலைக்காரர்கள்.

ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றார். கொச்சியில் கண்டதைச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லையாம்.

மார்ச் 14, சனி

முதல் பூச்சு. நான் வந்தபின் முதல்முறையாக மெழுகு இல்லாத சனிக்கிழமை. மணியம்மா என்ன செய்வதென்று தெரியாமல் வாசல் படியில் உட்கார்ந்து என் எல்லாச் செம்புப் பாத்திரங்களையும் தேய்த்தாள்.

மார்ச் 16, திங்கள்

ஏதோ சரியில்லை. இரண்டாவது பூச்சு காய்ந்ததும் தரையெங்கும் சின்னச் சின்னக் குழிகள், மீனின் கண் மாதிரி. பூச்சு அந்த இடங்களில் நிற்காமல் விலகி ஓடியிருக்கிறது. ஜன்னல் மூலையில் நகத்தால் நெருடினேன். காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி உரிந்து வந்தது.

அப்பாஸுக்குப் போன் செய்திருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் இவர் ஃபேக்டரிக்குக் கிளம்புவதற்குள் அப்பாஸ் வந்துவிட்டார். அதுதான் விதி.

உரிந்த படலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவர் கேட்டார்: "என்ன பாய் இது? இதுதான் காலத்துக்கும் நிக்குமா?"

"சார், மெழுகு மரத்துக்குள்ள ஊறியிருக்குங்க. எத்தன வருச மெழுகு! மிஷின் சூட்டுக்கு அது உருகி இன்னும் உள்ள போயிருச்சு. தொடைச்சு ஒரு நாள் விடணும்னு நான் சொன்னேனுங்க சார். மேடம்தான், நீங்க கொச்சியிலேருந்து வர்றதுக்குள்ள அந்த ஜன்னல் மூலைய முடிச்சாகணும்னு ஒரே அவசரம் பண்ணாங்க."

அந்த மனிதர்மேல் தப்பில்லை. தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்.

"நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க பாய்" என்றார் இவர். அப்பாஸ் போனதும் காலி ஹாலில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். உட்காரக்கூட ஒன்றும் கிடையாது.

"அவரு புரிஞ்சுக்கலன்னு சொன்னியே."

"ஆமா."

"பொய்யா?"

"ஆமா. நான்தான் தேய்க்கச் சொன்னேன்."

"அது உன்ன என்ன பண்ணிச்சு சுகிர்தா? மொத்த வீட்டையும் உன் இஷ்டத்துக்கு விட்டேன். ரெண்டு பலகைய விடச் சொன்னேன்."

பதில்களெல்லாம் தயாராக இருந்தன. தரை ஒரே நிறமாக இருக்க வேண்டும், விருந்தாளிகள் வருகிறார்கள், ஒரு மூலையில் மட்டும் அழுக்காகத் தெரியும். வாயைத் திறந்தபோது அவற்றில் ஒன்றுகூட வரவில்லை.

"பொறாமை" என்றேன்.

"யார் மேல?"

"லில்லியன் மேல."

"அவ செத்துட்டா."

"தெரியும். உயிரோட இருந்தா நேரா சண்டை போட்டிருப்பேன். தப்பே பண்ணாத பொம்பளையா செவத்துல மாட்டி வச்சிருக்கீங்க, அவங்ககூட நான் எப்படிப் போட்டி போடுறது? திரைய மாத்தினா அவங்க தச்சது, செடிய வெட்டினா அவங்க நட்டது. இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு ஆணி இருக்கா?"

இவர் பெயிண்ட் டின் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"தப்பே பண்ணாதவளா? லில்லியா?" ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா தெரியவில்லை. "கோவம் வந்தா வாரக்கணக்குல பேச மாட்டா. நேரா போய் அந்த மிஷின்ல உக்காந்துடுவா. நாற்காலிய ஒரு இழுப்பு இழுப்பா பாரு, இறக்கத்து வீட்டுக்காரங்களுக்கே கேக்கும். நான் பேச வந்தா மிஷின் ஓடும். நான் நிறுத்தினா அதுவும் நிக்கும். அந்தத் தடத்துல பாதி என் மேல இருந்த கோவத்துல விழுந்தது."

கையிலிருந்த படலத்தைச் சுருட்டினார்.

"அவ போட்டோவப் பாத்தா எனக்கு ஒண்ணும் தோணாது. சிரிச்சிட்டிருப்பா, யாரோ மாதிரி. அந்தத் தடத்தப் பாத்தாத்தான் அவளாட்டம் இருக்கும். அத எடுத்துட்ட."

எழுந்து ஃபேக்டரிக்குப் போய்விட்டார். டிபன் டப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது உண்மையை எழுதலாம், இங்கேயுமா பொய்? மெழுகு இருக்கும் மரத்தில் பி.யூ. பிடிக்காது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே என்னால் விளக்க முடியும். தெரிந்துதான் அவசரப்படுத்தினேன். அந்த மூலையில் சாண்டிங் மிஷின் ஓடும்போது சமையலறையில் இல்லை, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். தடம் கரைந்து போவதைக் கடைசிவரை பார்த்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அவர் சொன்னதைக் கேட்டபின் பொறாமை குறையவில்லை, கூடியிருக்கிறது. தரை தேயும் அளவுக்கு ஒருத்தி அவரிடம் கோபித்திருக்கிறாள். என்னிடம் இவர் "சரி" என்பதற்கு மேல் பேசியதே இல்லை. நானும்தான்.

மார்ச் 18, புதன்

பேசவில்லை.

மார்ச் 19, வியாழன்

பேசவில்லை. மணியம்மா உப்பு கூடிவிட்டதென்று சாம்பாரைப் பற்றித் தானாகவே மன்னிப்புக் கேட்டாள். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

ராச்சாப்பாட்டுக்குப் பின் இவர் பின்னறைக்குப் போய் மூன்று மாதிரிப் பலகைகளையும் எடுத்துவந்து என் முன்னால் மேஜைமேல் வைத்தார்.

"நிச்சயதார்த்தத்துக்கு நாள் இல்ல. தரைய இப்படியே விட முடியாது. நீதான் கெமிஸ்ட்ரி டீச்சர். சொல்லு."

குரலில் இன்னும் கோபம் இருந்தது. ஆனாலும் கேட்டார்.

வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். பி.யூ.வே வேண்டுமென்றால் மறுபடி தேய்த்து, டர்பன்டைனால் பலமுறை துடைத்து, அரக்குப் பூச்சு ஒன்றைத் தடுப்பாகக் கொடுத்து அதன்மேல் அடிக்கலாம். பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்காவது ஓரிடத்தில் மெழுகு மிச்சமிருந்து உரிந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது, மொத்த ஹாலையும் மறுபடி தேய்க்க வேண்டும். பலகை அதற்கெல்லாம் தாங்காது. எண்ணெய் அப்படியில்லை. அதிலேயே மெழுகு இருக்கிறது, மரத்தில் மிச்சமிருக்கும் மெழுகோடு சண்டை போடாது. கீறினால் கீறிய இடத்துக்கு மட்டும் தடவினால் போதும். பி.யூ. அளவுக்குக் கடினம் கிடையாது. ஆனால் பழுது பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

"அப்ப அன்னிக்கே ஏன் இத எடுக்கல?"

"நீங்க மோந்து பாத்து நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு பலகையை எடுத்து மறுபடி முகர்ந்தார்.

"எங்க ஃபேக்டரியில டீ பெட்டி அடுக்குற ரூம் வாடை இது. அதத்தான் சொன்னேன்."

 ஒரு பலகைத் துண்டுக்கும் ஒரு செத்த மனுஷிக்கும் நடுவே நானாகவே ஒரு கதை கட்டி, அதற்காக ஒரு ஹாலையே பாழாக்கியிருக்கிறேன்.

"எண்ணெய்னா வருஷா வருஷம் மண்டி போட்டுத் தடவணும்" என்றேன் கடைசியில்.

"யாரு?"

"நீங்க."

"சரி" என்றார். இந்தச் "சரி" கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. அல்லது நான் அப்படிக் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 27, வெள்ளி

படலத்தைச் சுரண்டி எடுத்து, துடைத்து, ஒரு நாள் ஆறவிட்டு, மறுபடி துடைத்தார்கள். இந்தத் தடவை நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை. நான் எதிரில் வரும்போதெல்லாம் அப்பாஸ் தரையைப் பார்க்கிறார். "நீங்க உண்மையத்தான பாய் சொன்னீங்க" என்றேன். "இருந்தாலுங்க மேடம்" என்றார். 

ஏப்ரல் 1, புதன்

எண்ணெய் இரண்டு கை கொடுத்தாகிவிட்டது. மெல்லிசாகத் தடவி, கொஞ்ச நேரம் குடிக்கவிட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார்கள். வெளுத்துக் கிடந்த தேக்கு, பால் சேர்க்காத டீ நிறத்துக்கு வந்திருக்கிறது. கண்ணாடிப் பளபளப்பு இல்லை. வெறுங்காலுக்கு இதமாக இருக்கிறது.

மேற்கு ஜன்னல் மூலையில் ஒரு அடையாளமும் இல்லை. மற்ற பலகைக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. இவர் டீயை எடுத்துக்கொண்டு இப்போது சமையலறை மேஜைக்கு வருகிறார். இதுதானே வேண்டுமென்று இருந்தேன்? எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிற மனிதரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

பெர்சிஸ் வந்துவிட்டாள். பையைப் போட்டதும் ஹாலைச் சுற்றிவந்து, "அழகா இருக்குப்பா!" என்றாள். பிறகு ஜன்னலுக்குப் போனாள். குனிந்து தேடினாள்.

"இங்க இருந்த தடம் எங்க? நான் சின்னப் பிள்ளைல மிஷினுக்கு அடியில உக்காந்து அதுல கார் ஓட்டுவேனே."

இவர் என்னைப் பார்த்தார். மகளிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். "வேலைக்காரங்க..." என்று ஆரம்பித்தார். எனக்காக அவர் பொய் சொல்லப்போகிறார் என்று புரிந்தது.

"நான்தான் தேய்க்கச் சொன்னேன் பெர்சிஸ்" என்றேன். "அப்பா வேண்டாம்னு சொல்லியும், அவர் ஊர்ல இல்லாதப்ப."

"ஏன்?"

"உங்க அம்மா இருந்த எடம்ங்கறதுனால."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போகலாமா என்று யோசித்து, போகாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 16, வியாழன்

மணியம்மா வழியாகப் பேச்சு நடக்கிறது. "பாப்பாவுக்குக் காபி வேணுமாங்க." "பாப்பாகிட்ட ஆறிடும்னு சொல்லு."

ஏப்ரல் 18, சனி

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. கால் வலிக்கிறது. ஆனாலும் காலையில் நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

புடவை கட்டிவிட வருவதாக இருந்த பெண் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மரம் விழுந்து பஸ்ஸோடு மாட்டிக்கொண்டாள். நான் கீழே நாற்காலி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெர்சிஸ் மாடிப்படியில் வந்து நின்றாள். பாவாடை ரவிக்கையோடு, பட்டுப்புடவையை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு.

"உங்களுக்குக் கட்டத் தெரியுமா?"

"தெரியும்."

அறையில் அவள் நேராக நின்றாள். நான் மண்டியிட்டுக் கொசுவத்தை ஒவ்வொன்றாக நீவிவிட்டேன். 

"எனக்கு இன்னும் கோவம் இருக்கு" என்றாள் தலைக்குமேலிருந்து.

"இருக்கட்டும்."

"எப்பப் போகும்னு தெரியல."

"எனக்காக நீ அதப் போக வைக்க வேண்டாம். அசையாத, ஊக்கு குத்திடும்."

"அம்மா கட்டினா இவ்வளவு இறுக்க மாட்டாங்க."

அந்த நொடி, விருந்தாளிகள் வந்துகொண்டிருக்கும் வேளையில், வாயில் இரண்டு ஊக்கோடு மண்டியிட்டிருந்த எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இன்னுமா என்று எனக்கே அலுப்பாக இருந்தது. கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

"இப்ப?"

"ம். இப்ப சரியா இருக்கு."

கீழே இறங்கும்போது படியில் தடுக்கிவிடாமல் இருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஹாலுக்கு வந்ததும் எடுத்துவிட்டாள்.

அறுபது பேரும் நடந்தார்கள். ஆல்வினின் அத்தை ஒரு டம்ளர் பாதாம்பாலைக் கொட்டினார். துடைத்ததும் போய்விட்டது. யாரோ ஒரு ஹீல்ஸ் வாசல் பக்கம் நீளமாக ஒரு கோடு இழுத்திருக்கிறது. அதை நாளை பார்க்கலாம்.

ஏப்ரல் 20, திங்கள்

தையல் மிஷினைத் தூசி தட்டித் துடைத்து அதே ஜன்னலோரம் கொண்டுவந்து வைக்கலாம் என்று நேற்று இவரிடம் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். காலுக்கு ஃபெல்ட் துணி கூட வெட்டி வைத்திருந்தேன். பெர்சிஸ் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"வேண்டாம். நான் எடுத்துட்டுப் போறேன். எங்க வீட்டுல வச்சுக்கறேன். அந்தத் தரைய யாரும் தேய்க்க மாட்டாங்க."

அது எனக்கு விழுந்த அடிதான். வாங்கிக்கொண்டேன்.

இன்று ஆல்வின் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு வந்தான். மிஷினைப் போர்வையில் சுற்றி ஏற்றினார்கள். விரலுறையை நானே தாளில் மடித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சரியாக இருந்தது. வேனில் ஏறியபின் கண்ணாடியை இறக்கி, "கல்யாணத்துக்கு முன்னாடி ரவிக்கைத் துணி எடுக்க வருவேன். கூட வர்றீங்களா?" என்றாள். வருகிறேன் என்றேன்.

வேன் இறக்கத்தில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த மிஷின் போகிறதே என்று எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் வந்தது, நம்புவதற்கில்லை. இத்தனை நாள் கண்ணில் படக்கூடாது என்றிருந்ததை, இப்போது அவள் கொண்டுபோகிறாள் என்று பொறாமை. என் புத்தி இப்படித்தான் போலிருக்கிறது.

உள்ளே வந்து எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஹீல்ஸ் கிழித்த கோட்டருகே உட்கார்ந்தேன். பாதி தேய்த்திருப்பேன். கேட்டைச் சாத்தப் போயிருந்த இவர் நனைந்துகொண்டு ஓடிவந்தார், ஃபேக்டரி பூட்ஸோடு, சேறோடு, நேராக ஹாலுக்குள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தரையில் செம்மண் அச்சு.

"எங்க வர்றீங்க!" என்று கத்தினேன். என் குரலா என்று எனக்கே திடுக்கென்றது. "கண்ணு தெரியல? இப்பத்தான தொடைச்சேன்! பூட்ஸோட உள்ள வந்தா என்ன அர்த்தம்? மனுஷி முட்டி போட்டு உக்காந்திருக்கறது தெரியலையா? வெளிய போங்க மொதல்ல!"

சமையலறையில் மணியம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

இவர் அப்படியே நின்றார். பிறகு வந்த அச்சிலேயே காலை வைத்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார். வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டது. நான் துணியைக் கீழே போடவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன். 

"சுகிர்தா" என்றார் வெளியிலிருந்து. "இப்ப வரலாமா?"

"கால நல்லாத் தொடைச்சிட்டு வாங்க" என்றேன்.